இரட்டையருக்கு இரண்டு முக அளவு: கவலைப்பட வேண்டுமா?

கேள்வி: எனக்கு 12 வயதில் இரட்டைப் பிள்ளைகள், ஒரு பெண், ஒரு பையன். பள்ளியில் நடந்த பல் பரிசோதனை முகாமில் இருவர் முகத்தையும் காலிப்பர் வைத்து அளந்தார்கள். மகளுக்கு முக உயரம் 106 மி.மீ., அகலம் 120. மகனுக்கு 102, 121. ‘பெண்: நடுத்தர முகம், பையன்: அகன்ற முகம்’ என்று சீட்டில் எழுதியிருக்கிறது. பையனுக்குத் தாடை சரியாக வளரவில்லையா?
– ஒரு வாசகி, மதுரை

பதில்: இந்த எண்களை வைத்து அப்படிச் சொல்லவே முடியாது. மகளுக்கு முந்தி வருகிற வளர்ச்சி மகனுக்குப் பிந்தி வரும். இந்த வயதில் அது இயல்பு.

முகாமில் கணக்கிட்டது முகக் குறியீடு. புருவங்களுக்கு நடுவே மூக்கு தொடங்கும் பள்ளத்திலிருந்து முகவாயின் அடிவரை உயரம். இரு கன்ன எலும்புகளின் வெளிவிளிம்புகளுக்கு இடையே அகலம். உயரத்தை அகலத்தால் வகுத்து 100-ஆல் பெருக்கினால் மகளுக்கு 88, மகனுக்கு 84. 85-க்குக் கீழே என்றால் அகன்ற முகம், 90-ஐத் தொட்டால் நீள முகம், இடைப்பட்டது நடுத்தரம். இவை வளர்ந்து முடிந்த முகங்களுக்கு வகுத்த எல்லைகள்.

குழந்தையின் மூளை 6 வயதுக்குள் ஏறக்குறைய 90 சதவீதம் வளர்ந்துவிடும். முகம் பின்னால்தான் வரும். அதிலும் அகலம் முதலில் முடியும், உயரம் கடைசியில் முடியும். சிறு வயதில் உருண்டையாக இருக்கும் முகம் போகப்போக நீள்வது இதனால்தான். பருவமடையும் முன் ஆண், பெண் முக விகிதங்களில் பெரிய வேறுபாடு இருக்காது. பையன்களின் அளவுகள் சராசரியில் சற்றே கூடுதல், அவ்வளவுதான். பிறகு பெண்களுக்குச் சுமார் 2 ஆண்டு முன்னதாகவே வளர்ச்சி வேகம் பிடிக்கும். பையன்களுக்குத் தாமதமாக வந்து நெடுநாள் நீடிக்கும். தாடை, மூக்கு, புருவ எலும்பு எல்லாம் அப்போதுதான் எடுப்பாகும்.

அளவெடுப்பதிலும் கவனம் வேண்டும். பற்கள் சேர்ந்திருக்க வேண்டும், தலை நேராக இருக்க வேண்டும், காலிப்பர் தோலை அழுத்தக் கூடாது. உங்கள் மகனின் 102 மி.மீ., 103 ஆகியிருந்தால் குறியீடு 85-ஐத் தாண்டி அவனும் ‘நடுத்தர முகம்’ ஆகியிருப்பான். வாய் லேசாகத் திறந்திருந்தாலே அந்த 1 மி.மீ. வந்துவிடும்.

டொராண்டோவில் முக அளவியல் ஆய்வாளர் லெஸ்லி ஃபார்கஸ் வயதுவாரியாக, ஆண், பெண் தனித்தனியாக முக அளவு அட்டவணைகள் தந்தார். அவை பெரும்பாலும் வட அமெரிக்க வெள்ளையர் முகங்களை அளந்து உருவானவை. நம் பிள்ளைகளுக்கு அப்படியே பொருத்திவிட முடியாது. ஒரே பிள்ளையை ஆண்டுக்கொருமுறை ஒரே முறையில் அளந்து, முந்தைய அளவோடு ஒப்பிடுவதே நம்பகமானது.

வாயால் மூச்சு விடுவது, தினமும் குறட்டை, உதடு மூட முடியாமை, கீழ்ப்பற்கள் மேற்பற்களுக்கு முன்னால் கடிப்பது, முகவாய் ஒரு பக்கம் ஒதுங்குவது: இவற்றில் ஏதேனும் இருந்தால் பல் சீரமைப்பு மருத்துவரிடம் உடனே காட்டுங்கள். இல்லையென்றால் அடுத்த ஆண்டு மீண்டும் அளந்தால் போதும். தயவுசெய்து இருவரையும் அருகருகே நிறுத்தி முகத்தை ஒப்பிட்டுப் பேசாதீர்கள். இந்த வயதில் அந்தப் பேச்சு மனதில் ஆழமாகத் தங்கிவிடும்.