டீக்கடைப் பாய்லர்: எத்தனை லிட்டர் வாங்குவது?

மளிகைக் கடையின் ஓரமாக ஒரு டீக்கடையும் சேர்த்துப் போடுவது ஸ்ரீபெரும்புதூர், சுங்குவார்சத்திரம், ஒரகடம் வட்டாரத்தில் வணிக அன்பர்கள் பலருக்கும் உள்ள எண்ணமே. தூள், சர்க்கரை, பிஸ்கட் எல்லாம் கையிருப்பில் இருக்கின்றன. பாய்லர் ஒன்றுதான் புதிதாக வாங்க வேண்டும். "வாங்குவதைப் பெரிதாகவே வாங்கிவிடுவோம்" என்று 40 லிட்டர் பாய்லரைத் தூக்கி வருகிறவர்கள் இங்கேதான் தவறுகிறார்கள்.

தேயிலைத் தூளும் சர்க்கரையும் மொத்தமாக வழங்கி வரும் நமக்கு இதில் என்ன அக்கறை என்று கேட்கலாம். டீக்கடைக்காரர் பாய்லரில் பணத்தை முடக்கினால், அது முதலில் தெரிவது நமது பற்று ஏட்டில்தான்.

ஒரு நாளைக்கு எத்தனை டீ விற்கும் என்பதை வைத்துப் பாய்லர் வாங்கக் கூடாது. மிக நெருக்கடியான அரை மணி நேரத்தில் எத்தனை விற்கும் என்பதே கணக்கு. இருங்காட்டுக்கோட்டையில் 1998-ல் ஹூண்டாய் உற்பத்தி தொடங்கியது. ஒரகடத்தில் 2010-ல் ரெனால்ட் நிசான் ஆலை வந்தது. இப்படி ஆலைகள் பெருகப் பெருக, நமது வட்டார வியாபாரம் ஷிப்டு மாறும் நேரத்தைச் சுற்றியே அமைந்துவிட்டது. ஆலைக்குள் கேன்டீன் இருக்கும். வெளியே நம்மிடம் வருகிறவர்கள் லாரி ஓட்டுநர்கள், ஒப்பந்தத் தொழிலாளர்கள், அறை எடுத்துத் தங்கியிருப்பவர்கள். வந்தால் மொத்தமாக வருவார்கள். பஸ் வந்ததும் போய்விடுவார்கள்.

இனி கணக்குக்கு வருவோம். கைதேர்ந்த மாஸ்டர் நிமிடத்துக்கு 4 கிளாஸ் போடுவார் என்று வைத்துக்கொள்வோம். அரை மணியில் 120 கிளாஸ். 100 மில்லி கிளாஸில் பால் போக வெந்நீர் சுமார் 60 மில்லி. ஆக 7 லிட்டருக்குச் சற்று மேல். கிளாஸ் அலச 3 லிட்டர் சேர்த்தால் 10 லிட்டர். குழாய்க்குக் கீழே நிற்கும் தண்ணீர் வெளியே வராது; அதற்கு 3 லிட்டர். கொதித்துப் பொங்காமல் இருக்க மேலே 2 லிட்டர் இடம். எல்லாம் சேர்த்து 15 லிட்டர்தான். 20 லிட்டர் பாய்லர் தாராளம். பாய்லர் எவ்வளவு பெரிதானாலும் மாஸ்டருக்குக் கை இரண்டுதானே! இரண்டு மாஸ்டர் நிற்கும் கடைக்கும், பால் சேர்க்காத டீ அதிகம் போகும் கடைக்கும் 30 லிட்டர் பார்க்கலாம்.

பெரிய பாய்லரில் நன்மையே இல்லையா? உண்டு. நெருக்கடியில் பச்சைத் தண்ணீர் ஊற்றினால் சூடு அதிகம் இறங்காது. 20 லிட்டர் பாய்லரில் 95 டிகிரியில் இருக்கும்போது 5 லிட்டர் எடுத்துவிட்டு, 30 டிகிரித் தண்ணீர் 5 லிட்டர் ஊற்றினால் 79 டிகிரிக்கு வந்துவிடும். அதில் தூள் சரியாக இறங்காது, டீ வெளுத்திருக்கும். வாடிக்கையாளர் தூளைத்தான் குறை சொல்வார். 40 லிட்டரில் அதே 5 லிட்டருக்கு 87 டிகிரி நிற்கும். ஆனால் சிறிய பாய்லரிலும் 2 லிட்டர், 2 லிட்டராக ஊற்றினால் 88 டிகிரிக்குக் கீழே போகாது. அடுப்பும் எரிந்துகொண்டிருப்பதால் உடனே ஏறிவிடும். இதற்காக இரண்டு மடங்கு பாய்லர் வேண்டுமா?

செலவைப் பாருங்கள். எரிவாயுவின் சூட்டில் பாதி தண்ணீரில் ஏறுவதாகக் கொண்டால், 20 லிட்டரைக் கொதிக்க வைக்கச் சுமார் கால் கிலோ எரிவாயு ஆகும். தேவையில்லாத 20 லிட்டரைத் தினமும் காய்ச்சி இரவில் ஆறவிட்டால் மாதம் 7½ கிலோ. அதாவது 19 கிலோ வணிக சிலிண்டரில் ஐந்தில் இரண்டு பங்கு! மின்சாரப் பாய்லராயின் 20 லிட்டருக்கு 1.6 யூனிட்டுக்கு மேல் ஆகும். 2 கிலோவாட் காயில் 50 நிமிடம் எடுக்கும். காலை ஷிப்டுக்கு 5 மணிக்குக் கடை திறப்பவர் 4 மணிக்கே சுவிட்சைப் போட வேண்டும்.

ஒரே ஆலையின் வாயிலை நம்பிப் பெரிய பாய்லர் வாங்குவது இன்னும் ஆபத்து. 2014 நவம்பரில் நோக்கியா ஆலை உற்பத்தியை நிறுத்தியதை நமது வட்டாரத்தில் கடன் சரக்கு கொடுத்தவர் எவரும் மறந்திருக்க மாட்டார். வியாபாரம் வளர்ந்தால் இரண்டாவதாக இன்னொரு 20 லிட்டர் வாங்கிக்கொள்ளலாம். ஒன்று பழுதானாலும் கடை நடக்கும்.

வாங்கும்போது கடைக்காரர் சொல்லும் லிட்டரை அப்படியே நம்ப வேண்டாம். விளிம்பு வரை நிரப்பிய அளவைத்தான் பெரும்பாலும் சொல்வார்கள். ஒரு லிட்டர் படியால் ஊற்றி அளந்து, குழாயைத் திறந்து எவ்வளவு வெளியே வருகிறது என்றும் பாருங்கள். செம்பு, பித்தளைப் பாய்லராக இருந்தால் உள்ளே ஈயப் பூச்சு முழுமையாக இருக்க வேண்டும். ஈயம் 232 டிகிரியில் உருகிவிடும். ஒரு முறை தண்ணீர் வற்றி எரிந்தாலே பூச்சு போய்விடும். பழையதை வாங்குவோர் டார்ச் அடித்து அடிப்பாகத்தைப் பார்க்கவும். போர் தண்ணீர் ஊற்றிய பாய்லரில் உப்புக் காரை கட்டியிருக்கும். அதைச் சொல்லி விலையைக் குறைத்துக் கேட்கலாம்.