மலைப்பாதையில் கியர் பழுது

லோயர் கேம்ப்பிலிருந்து குமுளிக்கு ஏறும் மலைச்சாலை, கொல்லம்–தேனி தேசிய நெடுஞ்சாலை 183-இன் பகுதியாகும். இத்தகைய ஏற்றங்களில் ஓடும் வண்டியின் கியர் பெட்டி மீண்டும் மீண்டும் பழுதடையுமானால், உடைந்த பற்சக்கரத்தை மாற்றுவது மட்டும் தீர்வாகாது. காரணத்தை அப்பற்சக்கரமே உணர்த்தும். பல்லின் முகத்தில் சிறு குழிகள் காணப்படின் எண்ணெயின் அளவையும் தரத்தையும் ஆராய வேண்டும். பல்லின் ஓரங்கள் சிதைந்திருப்பின், கிளட்சு முழுமையாக விடுபடாத நிலையில் கியர் மாற்றப்பட்டிருக்கலாம். பல் அடியோடு முறிந்திருப்பின் மிகைப்பாரத்தை ஐயுறலாம். தானியங்கிக் கியர் பெட்டியிலோ, எண்ணெய் கருத்துத் தீய்ந்த வாடை வீசுவது உட்கிளட்சுகள் வழுக்கி வெப்பமேறியதற்கு அறிகுறியாகும்.

இறக்கத்தில் கியர் கைவிட்டால் எஞ்சினின் தடுப்பாற்றல் அற்றுப்போய், முழுச்சுமையும் பிரேக்கின்மீது விழும். எனவே, உடைந்த பாகத்தைக் கழிவிரும்பில் சேர்க்குமுன் பரிசோதித்துக் காரணத்தைப் பதிவு செய்வது பணிமனைகளின் முதற்கடமையாதல் வேண்டும். உதிரிப் பாகச் செலவு குறைவதோடு பயணிகளின் உயிருக்கும் அது காப்பாகும்.