ஊசி தாவுகிறதா?
டிஜே மென்பொருளை இயக்கும் டைம்கோடு ரெக்கார்டில் பாட்டு தாவினால் மென்பொருளைக் குறை சொல்லுமுன் ஊசி முனையில் தூசு இருக்கிறதா என்று பாருங்கள். அடுத்தது ஊசி ரெக்கார்டை அழுத்தும் எடை; பெரும்பாலும் கோளாறு இங்கேதான். டெக்னிக்ஸ் எஸ்எல்-1200 போன்ற டர்ன்டேபிளில், ஆன்டி-ஸ்கேட்டை 0-வில் வைத்து, ஊசிக்கை தராசுத் தண்டுபோல் மட்டமாக மிதக்கும்வரை பின்பக்க எடையைத் திருகுங்கள். எண் வளையத்தை மட்டும் 0-க்குக் கொண்டுவாருங்கள். பிறகு எடையையும் வளையத்தையும் சேர்த்துத் திருப்பி, ஊசித் தயாரிப்பாளர் சொன்ன கிராமில் நிறுத்துங்கள். ஆர்ட்டோஃபோன் கான்கார்ட் மிக்ஸ் எம்கே2-க்கு 3 கிராம். அழுத்தம் கூடினால் ரெக்கார்டு சீக்கிரம் தேயும். செராட்டோ மென்பொருளின் திரையில் டைம்கோடு சிக்னலைக் காட்டும் வட்டம் நீள்வட்டமாகத் தெரிந்தால் முதலில் ஹெட்ஷெல் இணைப்புகளைச் சரிபாருங்கள். அதே மென்பொருளின் இரைச்சல் அளவீட்டை மட்டும் அரங்கிலேயே செய்யுங்கள்: ஸ்பீக்கரில் பாட்டு ஒலிக்க, சுழலாத ரெக்கார்டில் ஊசியை வைக்க வேண்டும். வீட்டில் செய்த அளவீடு மேடைக்கு உதவாது.