ஐப்பசி மழைக்கு முன் பால்கனியைப் பாருங்கள்

திருவேட்டக்குடியில் உறவுக்காரர் வீடு. பால்கனிக்கு அடியில் பூச்சு பெயர்ந்த இடத்தை விரலால் சுரண்டினேன். கம்பி ஏடு ஏடாக உதிர்ந்தது. பென்சில் கனம் இருக்க வேண்டியது ஈர்க்குச்சியாக மெலிந்திருந்தது. காரைக்கால் கரையில் இது அதிசயமில்லை. கடற்காற்றின் உப்பு ஈரத்தோடு கான்கிரீட்டுக்குள் இறங்கிக் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கிறது. துருவுக்கு இரும்பைவிடப் பல மடங்கு இடம் வேண்டும். அதனால் கான்கிரீட் உள்ளிருந்தே வெடிக்கிறது.

சோதனையையும் பழுதையும் ஆவணி, புரட்டாசியில் முடித்துவிடுங்கள். ஐப்பசி பிறந்தால் எதுவும் காயாது.

பூந்தொட்டிகளை எடுத்துவிட்டுத் தரையைக் கழுவுங்கள். தூம்புக் குழாயில் அடைத்திருக்கும் சருகை எடுங்கள். ஒரு வாளித் தண்ணீரைக் கொட்டிக் கால் மணி நேரம் பொறுங்கள். எங்காவது தேங்கி நின்றால் அங்கே வாட்டம் போதவில்லை. மீட்டருக்கு 1 செ.மீ. வாட்டமாவது தூம்பை நோக்கி இருக்க வேண்டும்.

அடுத்து பார்க்க வேண்டிய இடத்தைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். சுவரிலிருந்து நீட்டி நிற்கும் பால்கனியைத் தாங்கும் முக்கியக் கம்பி சிலாபின் மேல்பகுதியில் இருக்கிறது, அடியில் அல்ல. கீழே வெள்ளையடித்துப் பளிச்சென்று இருப்பதை நம்பாதீர்கள். கதவோரம் சுவரும் தரையும் சேருமிடத்தில் நீளவாக்கில் விரிசல் ஓடுகிறதா, டைல்ஸ் இடுக்கு பிளந்திருக்கிறதா என்று குனிந்து பாருங்கள். இருந்தால் அன்றே கதவைப் பூட்டிவிட்டுக் கட்டடப் பொறியாளரை அழையுங்கள். அமெரிக்காவின் பெர்க்லியில் 2015 ஜூனில் ஒரு பால்கனி முறிந்து 6 மாணவர்கள் இறந்தார்கள். அது மரக்கட்டுமானம், உள்ளே இறங்கிய ஈரம் விட்டங்களை உளுத்துப்போக வைத்திருந்தது. இங்கே கம்பிக்கும் அதே ஈரம்தான் எமன்.

பிறகு அடிப்பக்கத்தைச் சுத்தியலால் மெல்லத் தட்டுங்கள். கணீரென்று கேட்டால் நல்லது. பொத்தென்று கேட்டால் உள்ளே பிரிந்திருக்கிறது, சுண்ணாம்புக்கட்டியால் வட்டமிடுங்கள்.

அதன்மேல் சிமென்ட் பூசி மறைப்பது நோயை மூடிவைப்பதுதான். முதலில் முட்டுக் கொடுக்க வேண்டும். அது இல்லாமல் மேல்பக்கத்தைக் கொத்தவே விடாதீர்கள். கம்பிக்குப் பின்புறம் வரை கொத்தி, துருவை வெள்ளைக் கம்பி தெரியும்வரை தேய்த்து, துருத்தடுப்புப் பூச்சு அடித்து, பாலிமர் கலந்த கலவையால் நிரப்ப வேண்டும். கம்பி தேய்ந்து மெலிந்திருந்தால் புதுக்கம்பி சேர்ப்பதைப் பொறியாளர் முடிவு செய்யட்டும். கலவைக்கும் நீராற்றவும் உப்பு போர்த்தண்ணீர் கூடாது. புதிதாகக் கட்டுபவர்களுக்கு ஒன்று: கடலோரத்தில் கம்பிக்கு மேல் 45 மி.மீ. கான்கிரீட் மூடியிருக்க வேண்டும் என்கிறது கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 456. கம்பி கட்டும்போது கூடவே நின்று அளந்து பாருங்கள்.

கைப்பிடிக் கம்பியை உலுக்கிப் பாருங்கள். அது தரையில் புதைந்திருக்கும் அடிமுனைதான் முதலில் அரிக்கும். உயரம் 1 மீட்டருக்குக் குறையக் கூடாது.

அடுக்குமாடியின் பொது நடைவழிக்கும் இதே முறைதான். ஆனால் அதற்கு யாரும் சொந்தக்காரரில்லை என்பதால் சங்கக் கூட்டத்திலேயே தேதி குறித்துவிட வேண்டும். பாரத்தையும் கவனியுங்கள்: 200 லிட்டர் தண்ணீர் டிரம் என்றால் 200 கிலோ. அதை வெளிமுனையில் வைக்காதீர்கள். மாசி மகத்துக்குச் சுவாமி கடலாடப் புறப்படும்போது வீட்டுக்கு வந்த அத்தனை பேரும் பால்கனியில்தான் போய் நிற்பார்கள். சந்தேகம் உள்ள பால்கனி என்றால் அன்றைக்குச் சாவியை நீங்களே இடுப்பில் செருகிக்கொண்டு, எல்லோரையும் தெருவுக்கு அழைத்துப் போங்கள். அங்கேயும் பால்கனிக்கு அடியில் நிற்க வேண்டாம்.