பருத்தி வாடல்: செடிக்குள் நடப்பது யாது?

பருத்தி பயிரிடும் அங்கத்தினர்களுக்கு வாடல் நோயைப் பற்றி நாம் புதிதாகக் கூற வேண்டுவதில்லை. நெசவாளராகிய அங்கத்தினர்கள் அதைக் கண்ணால் கண்டிராவிடினும், அதன் நஷ்டம் நூல் விலையின் வழியே அவர்களையும் வந்தடைகிறது. நன்றாயிருந்த செடியின் இலைகள் மஞ்சளாகித் தொய்ந்து உதிரும். முடிவில் செடி நின்றபடியே காய்ந்துவிடும். தண்ணீர்க் குறைவென்று எண்ணி நீர் பாய்ச்சுவோர் உண்டு. வறட்சியால் தொய்ந்த செடி நீர் கண்டதும் தலை நிமிரும், இது நிமிராது. ஐயமிருப்பின் தண்டை நெடுகப் பிளந்து பார்க்க வேண்டும். உட்கட்டையில் பழுப்புக் கோடுகள் ஓடியிருந்தால் பெரும்பாலும் வாடல் நோயே.

இதனை விளைவிப்பது ஃபுஸேரியம் என்னும் பூசணம். அமெரிக்காவில் அட்கின்ஸன் 1892-இல் இதை விவரித்தார். இது மண்ணில் பல ஆண்டுகள் உறங்கிக் கிடக்கும். பின் வேர் வழியே புகுந்து, செடிக்கு நீரேற்றும் குழாய்களில் குடியேறும். நம் நாட்டில் இந்நோய்க்குப் பெரிதும் இரையாகி வந்தவை நாட்டுப் பருத்தி இனங்களே.

குழாய் அடைபட்டதனால் செடி வாடுகிறதா, அன்றிப் பூசணம் விடும் நஞ்சினால் வாடுகிறதா? இக்கேள்வியை விடாது பற்றி ஆராய்ந்த இடங்களுள் ஒன்று நம் சென்னையிலேயே இருந்தது. கடற்கரைக்கு எதிரே, சேப்பாக்கத்தில் பல்கலைக்கழகத் தாவரவியல் ஆய்வுக்கூடத்தில், பேராசிரியர் டி. எஸ். சதாசிவன் தலைமையில் ஒரு குழுவினர் பருத்தி வாடலைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தனர். அக்கூடத்தின் வழிவந்த தாவரவியல் உயராய்வு மையம் இன்று அடையாற்றை அடுத்த கிண்டி வளாகத்தில் உள்ளது.

ஃபுஸாரிக் அமிலம் என்ற பொருளை ஜப்பானியர் 1934-இல் இப்பூசண இனத்திலிருந்து பிரித்தெடுத்தனர். சுவிட்சர்லாந்தில் சூரிக் நகரத்துக் கோய்மான் குழுவினர், தக்காளி வாடலில் அதன் பங்கை ஆராய்ந்தனர். ஆனால் ஒரு தடை இருந்தது. சர்க்கரைக் கரைசல் நிரம்பிய புட்டியில் பூசணம் வசதியாக வளர்கிறது. அங்கே அது செய்யும் பொருளை, எதிர்த்து நிற்கும் உயிர்ச்செடிக்குள்ளும் செய்யும் என்பதற்கு உறுதி என்ன? நோயுற்ற செடிக்குள் கண்டறியப்பட வேண்டும். நலமான செடியில் இருத்தலாகாது. நலமான செடிக்குச் செலுத்தினால் நோய்க்குறிகளில் சிலவேனும் தோன்ற வேண்டும். இம்மூன்றும் பொருந்தினாலே ஒரு நஞ்சை நோயின் நஞ்சென ஏற்கலாம் என்று டைமண்ட், வாகனர் என்போர் 1953-இல் விதித்தனர்.

1955-இல் சென்னைக் கூடத்தைச் சேர்ந்த லட்சுமிநாராயணன், சுப்பிரமணியன் இருவரும், வாடிய பருத்திச் செடிக்குள்ளேயே ஃபுஸாரிக் அமிலம் இருப்பதை ‘நேச்சர்’ இதழில் தெரிவித்தனர். தலைப்பையே அவர்கள் ஒரு கேள்வியாக அமைத்தனர்; அந்த அடக்கம் நமக்குப் பிடித்திருக்கிறது.

அக்காலத்து ஆய்வுக்கூடங்களில் இத்தகைய பொருள்களைப் பிரித்தறிய உதவியது காகிதமே. சாயமிடும் அங்கத்தினர்கள் இதன் தத்துவத்தை அறிவார்கள். இரு சாயங்கள் கலந்த துளி ஈரத்துணியில் விழுந்தால், ஒன்று விரைந்து ஓடும், மற்றொன்று பின்தங்கும். செடியின் சாற்றிலுள்ள பொருள்களும் அவ்வாறே காகிதத்தில் வெவ்வேறு தூரம் சென்று நிற்கும். ஆயினும் ஒருமுறைக்குத் தேடக்கூடியவை சிலவே.

இன்று அதே கேள்வியை ஆயிரக்கணக்கான பொருள்களிடம் ஒருங்கே கேட்கிறார்கள். மெட்டபோலோமிக்ஸ் என வழங்கும் இத்துறையை, ஓருயிர் தன் வாழ்வின் போக்கில் ஆக்கியும் சிதைத்தும் வரும் சிறு பொருள்களின் முழுத்தொகை ஆய்வு எனலாம். சாற்றைக் கருவிக்குள் செலுத்தினால், அதிலுள்ள மூலக்கூறுகள் பிரிந்து, எடை வாரியாகக் கணக்கில் ஏறுகின்றன. நோயுற்ற செடியின் கணக்கையும் நலமான செடியின் கணக்கையும் ஒப்பிட்டால், எவை மிகுந்தன, எவை குறைந்தன என்று தெரியவரும். இவற்றுள் எது பூசணத்தின் சரக்கு, எது செடியின் தற்காப்பு? அங்கேதான் சிக்கல். எடை மிகுந்த கார்பன் கொண்ட சர்க்கரையைப் பூசணத்துக்கு முன்னரே ஊட்டி, அந்த அடையாளம் எப்பொருள்களில் ஏறியுள்ளது என்று பார்ப்பது ஒரு வழி. அப்படியும், கருவி காட்டும் பொருள்களிற் பெரும்பகுதி இன்னும் பெயரறியாதவை.

முழுத்தொகையையும் காண வேண்டியது ஏன் என்பதற்கு ஃபுஸாரிக் அமிலமே சான்று. அது செடியை மட்டும் தாக்குவதன்று. வேரருகே வாழும் சூடோமோனாஸ் என்னும் நுண்ணுயிர், பூசணத்தை அடக்கும் மருந்தொன்றைத் தானே சுரக்கும். சூரிக்கில் தக்காளியைக் கொண்டு ஆராய்ந்தவர்கள் 1997-இல் கண்டது, ஃபுஸாரிக் அமிலம் அந்தச் சுரப்பையே தடுக்கிறது என்பது. செடியின் காவலாளி முதலில் வாயடைக்கப்படுகிறான். துத்தநாகம் சேர்த்தபோது அமிலம் குறைந்து, காவல் மீண்டது. சென்னைக் கூடத்தாரோ 1955-இலேயே, பருத்திப் பூசணத்தின் வளர்ச்சியில் துத்தநாகத்துக்குள்ள பங்கை ஆராய்ந்து, அமிலம் சுரக்க அது தேவை என்ற முடிவுக்கு வந்திருந்தனர். பூசணமும் பயிரும் வேறு, முடிவுகளும் வேறு. ஆகவே இதைப் படித்த கையோடு துத்தநாக உப்பை மூட்டையாக வாங்கி வயலிற் கொட்ட வேண்டாமென்று கேட்டுக்கொள்கிறோம்; மண் பரிசோதனை கூறினாலன்றி அது வேண்டா.

இப்போதைக்கு நோய் தாங்கும் விதையும், நோய் கண்ட செடிகளை வேரோடு அகற்றி எரிப்பதும், பயிர் மாற்றமுமே கைகண்டவை. ஆய்வுக்குச் செடி அனுப்ப விரும்புவோர் ஒன்றை அறிய வேண்டும். பூசணம் இன்னதென்று அறிய, வாடிய செடியின் அடித்தண்டுத் துண்டு போதும். காகிதத்திற் சுற்றி அனுப்பலாம். செடிக்குள்ளிருக்கும் பொருள்களை அறிய அது பயன்படாது. பறித்த சில நிமிஷங்களிலேயே அவை மாறத் தொடங்கும். ஆராய்ச்சியாளரே வயலுக்கு வந்து, பறித்த இலையையும் வேரையும் திரவ நைட்ரஜனில் உடனே உறைய வைக்க வேண்டும். அவர் வரும்வரை, வாடிய செடியோடு அதே வரிசையில் நலமாய் நிற்கும் செடிகளையும் பிடுங்காது விட்டுவைத்தல் வேண்டும்.