கட்டுத்தரையில் ஒரு காதல் தொடர்: எழுதப் போகிறவர்களுக்கு

கதை எழுதிச் சம்பாதிக்க நினைப்பவர்களுக்குத் தமிழில் இன்றும் அகலத் திறந்திருக்கும் வாசல் குடும்பக் காதல் தொடர்தான். ரமணிசந்திரனின் நாவல்களை வரிசையில் நின்று வாங்கிய வாசகிகளின் மகள்கள் இப்போது பிரதிலிபியிலும் கிண்டிலிலும் படிக்கிறார்கள். அவர்கள் விரும்பிப் படிக்கும் நாயகர்களில் ஒருவன், கையில் குழந்தையோடு தனியாக நிற்கும் அப்பா. மேற்கத்தியக் காதல் நாவல்களில் அவன் பல நேரம் கௌபாய். நமக்கும் அவன் புதியவனல்ல. 1948-இல் இத்தாலியில் பிறந்து, லயன் காமிக்ஸ் வழியாக 1980-களில் தமிழ் பேசத் தொடங்கிய டெக்ஸ் வில்லர்கூட, மனைவி லிலித்தை அம்மைநோய்க்குப் பறிகொடுத்துவிட்டு மகன் கிட்டை வளர்த்தவன்தான்.

அந்தத் தனி அப்பாவைப் பனமரத்துப்பட்டிக்குக் கூட்டி வாருங்கள். குதிரையும் தொப்பியும் வேண்டாம். சேலத்துக்குத் தெற்கே, ஜருகுமலை அடிவாரத்தில், நான்கு கறவை மாடும் ஏழு வயது மகளும் உள்ள ஒருவன் போதும். முதல் அத்தியாயம் எழுதுவதற்கு முன் அவனுடைய ஒரு நாளை மணிவாரியாக எழுதி வையுங்கள். இந்த வகைக் கதை நிற்பதும் விழுவதும் அந்த ஒரு தாளில்தான்.

பால் கறவை காலை ஒரு வேளை, மாலை ஒரு வேளை. கறக்கிற நேரம் மாறினால் பால் குறையும், மடிநோய்க்கும் வழியாகும். பால் சொசைட்டியோ தனியார் வண்டியோ, குறித்த நேரத்துக்குள் கேன் போய்ச் சேர வேண்டும். பிள்ளை எழுந்து, குளித்து, டிபன் பாக்ஸோடு பள்ளி வேன் ஏறுவதும் அதே நேரத்தில்தான். இரண்டு வேலைக்கும் ஆள் ஒருவன். விளக்கெண்ணெய் தடவிக் கறந்த விரல்களைக் கழுவிவிட்டு, அதே விரல்களால் மகளுக்கு இரட்டைச் சடை பின்னுகிறான். ஒரு சடை தடிமனாக வருகிறது, மற்றது எலிவாலாக. கேனோடு வண்டியில் முன்னால் உட்கார்ந்து சொசைட்டிக்கு வரும் அந்தச் சடையை, பால் பரிசோதிக்கும் பெண் பார்க்கிறாள். கொழுப்பு எவ்வளவு, எஸ்.என்.எஃப் (கொழுப்பு அல்லாத திடப்பொருள்) எவ்வளவு என்று சீட்டில் வரும் எண்ணை அவனிடம் சொல்கிறாள். சடையைப் பற்றி அன்றைக்கு எதுவும் சொல்வதில்லை. மூன்றாம் நாள் மெல்லச் சொல்கிறாள்: "பாப்பாவ நாளைக்குக் கொஞ்சம் முன்னாடி கூட்டியாங்க."

நாயகியைச் சொசைட்டியில் வைக்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. தினம் இரண்டு முறை, பின்னால் வரிசை நிற்க, இரண்டு நிமிடம் மட்டுமே பேச முடிகிற இடம் அது. தொடர்கதைக்கு இதைவிட நல்ல களம் கிடைக்காது. அவர்கள் ஒருவரையொருவர் எப்படிக் கூப்பிடுகிறார்கள் என்பதையும் முதலிலேயே முடிவு செய்யுங்கள். 'அண்ணா' என்று அவள் ஒருமுறை வாய்விட்டால் உங்கள் கதை அங்கேயே முடிந்தது. 'ஏனுங்க', 'பாப்பா அப்பா' என்று இந்தப் பக்கத்துப் பேச்சிலேயே வழி இருக்கிறது.

திருப்பங்களைத் தொழிலிலிருந்தே எடுங்கள். காலையில் மாடு சினைக்குக் கத்தினால் மாலையில் சினை ஊசி, மாலையில் கத்தினால் மறுநாள் காலை என்பது கால்நடை மருத்துவர்கள் சொல்லும் கணக்கு. தவறவிட்டால் இன்னும் 21 நாள் காத்திருக்க வேண்டும். அந்த மாலையில்தான் மகளின் பள்ளி ஆண்டு விழா. எங்கே போவான்? சினை பிடித்ததிலிருந்து கன்று விழச் சுமார் 280 நாள் ஆகும். ஒரு காதல் முளைத்து, தயங்கி, ஊருக்குத் தெரிந்து, உறுதியாவதற்கு அது சரியான காலம்.

ஊரும் உங்களுக்குக் கதை தரும். பனமரத்துப்பட்டி வட்டாரம் அரளிப்பூவுக்குப் பேர்போனது. விடியுமுன் மொட்டுப் பறித்துச் சேலம் பூ மார்க்கெட்டுக்கு அனுப்புகிறார்கள். அந்த அரளி மாட்டுக்கு விஷம். இலை காய்ந்தாலும் விஷம் போகாது, ஒரு கைப்பிடி தின்றாலே இதயத்தைத் தாக்கும். கவாத்து செய்து வரப்பில் போட்ட கிளையைக் கயிறு அவிழ்ந்த கெடேரி மேய்ந்துவிட்டால், நடுச்சாமத்தில் அவன் எந்தக் கதவைத் தட்டுவான்? கால்நடை ஆம்புலன்ஸுக்கு 1962 என்ற எண் இருப்பதை மறந்துவிட்டு நாயகனைக் காட்டுப்பாதையில் ஓடவிட்டால், மாடு வைத்திருக்கும் வாசகி உங்களை நம்பமாட்டாள். 1911-இல் சேலத்தின் குடிநீருக்காகக் கட்டி, பிறகு பல்லாண்டு வறண்டு சீமைக்கருவேலம் மண்டிய பனமரத்துப்பட்டி ஏரியும் இருக்கிறது. காசு முடை வந்தால் மாட்டை விற்கப் புதன்சந்தை இருக்கிறது. சந்தைக்குப் போகிற நாளில் பிள்ளையை யார் பார்ப்பது என்பதே ஒரு அத்தியாயம்.

இனி நான் அழுத்திச் சொல்ல விரும்புவது. மனைவி இருந்தவரை அந்தக் கட்டுத்தரை யார் கையில் இருந்தது? பல வீடுகளில் சாணி அள்ளி, தட்டு அறுத்து, பால் கறந்தது அவள். பால் சொசைட்டி அட்டை மட்டும் அவன் பெயரில். அவள் போன பிறகுதான் அந்த வேலையின் கனம் அவனுக்குத் தெரிகிறது. அதை அவன் வாய்திறந்து சொல்லும் காட்சி உங்கள் தொடரில் கட்டாயம் வேண்டும். புதிதாக வருகிறவள் பிள்ளைக்கு ஆயாவாகவும் மாட்டுக்குக் கூலியில்லாத ஆளாகவும் வந்தால் அது காதல் கதையாகாது. திருமணத்துக்குப் பிறகும் அவள் சொசைட்டி வேலைக்குப் போகட்டும், சம்பளம் அவள் கணக்கில் விழட்டும்.

அவன் மனைவியை இழந்தவனா, விவாகரத்தானவனா என்பதிலும் கவனம். 1956-ஆம் ஆண்டு இந்து இளவர் மற்றும் காப்பாளர் சட்டப்படி 5 வயது நிரம்பாத குழந்தை சாதாரணமாகத் தாயிடம்தான் இருக்கும். விவாகரத்தானவன் கையில் மூன்று வயதுப் பிள்ளை என்றால் காரணத்தைச் சொல்லியாக வேண்டும்.

சாதியைப் பேசாமல் இந்தப் பக்கத்தில் காதல் எழுதாதீர்கள். ஒரு தோழியோடு திருச்செங்கோடு கோயிலுக்குப் போன ஓமலூர் இளைஞர் கோகுல்ராஜ் 2015-இல் கொல்லப்பட்டதும், 2022-இல் 10 பேருக்கு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டதும் உங்கள் வாசகர்களுக்குத் தெரியும். உங்கள் நாயகனுக்கும் நாயகிக்கும் அந்தப் பயம் இருந்தே தீரும்.

எழுதி முடித்த பின் பணம். கிண்டிலில் இந்திய விற்பனைக்கு 70 விழுக்காடு ராயல்டி வேண்டுமென்றால் அமேசானின் கேடிபி செலக்ட் திட்டத்தில் சேர வேண்டும். சேர்ந்தால் 90 நாள் மின்வடிவம் வேறெங்கும் இருக்கக்கூடாது, பிரதிலிபியில் போட்ட அத்தியாயங்களையும் எடுத்தாக வேண்டும். அந்த 90 நாள் தானாகவே புதுப்பிக்கப்படும் என்பதால் தேதியைக் குறித்து வையுங்கள். அச்சுக்குக் கொடுத்தால் எழுத்தில் ஒப்பந்தம் கேளுங்கள். பதிப்புரிமைச் சட்டம் 19-ஆம் பிரிவின்படி, உரிமை மாற்றத்தில் காலம் குறிக்காவிட்டால் 5 ஆண்டு என்றும், எல்லை குறிக்காவிட்டால் இந்தியா மட்டும் என்றும் கொள்ளப்படும். ஒலிக்கதை உரிமையும் திரைப்பட உரிமையும் தனித்தனி வரியில், தனித்தனித் தொகையோடு இருக்கட்டும். 'அனைத்து உரிமைகளும்' என்று ஒரே வரியில் வந்தால், அதை அடித்துத் திருத்தித் தரும்வரை கையெழுத்துப் போடாதீர்கள்.