வெள்ளைப் பந்து எங்கே போய் நிற்கிறது?

அமெரிக்காவுக்கு ஆன்சைட் போகிறவர்களுக்கு விசா, வாடகை, வரி பற்றிச் சொல்லித்தர ஆள் உண்டு. வேலை முடிந்து டீமோடு போகும் பாரின் மூலையில் கிடக்கும் பூல் மேசையைப் பற்றி யாரும் சொல்வதில்லை. கேரம் பழகிய கைக்குக் கோணம் சட்டென்று பிடிபடும். கொஞ்ச நாளிலேயே ஓரளவு ஆட வந்துவிடும். அந்த நேரத்தில்தான் முன்பின் தெரியாத ஒருவர் சிரித்தபடி வந்து, "அஞ்சு டாலர் வெச்சு ஆடலாமா?" என்பார். பெரும்பாலானவர்கள் பொழுதுபோக்குக்குக் கேட்பவர்கள். சிலருக்கு அதுதான் பிழைப்பு.

அவர்களை அங்கே ஹஸ்லர் என்பார்கள். நியூயார்க்கின் பூல் கூடங்களில் பழகி, இவர்களைப் பற்றி 1967இல் வெளியான நூலில் எழுதிய நெட் போல்ஸ்கி என்ற சமூகவியலாளர், இதையும் ஒரு தொழிலாகவே வைத்து ஆராய்ந்தார். தன் உண்மையான திறமையைக் காட்டிவிடக் கூடாது என்பதே அந்தத் தொழிலின் முதல் விதி. கைதட்டல் வாங்கித்தரும் கடினமான அடிகளை, போட முடிந்தாலும் விட்டுவிட வேண்டும். ஆகவே அவர் எத்தனை பந்து போட்டார் என்று எண்ணிக்கொண்டிருந்தால் உங்களுக்கு ஒன்றும் விளங்காது. அந்தக் கணக்கு அவர் கையில் இருக்கிறது.

குச்சியால் அடிக்கும் வெள்ளைப் பந்தைப் பாருங்கள். கற்றுக்குட்டி குறி தவறினால் வெள்ளைப் பந்து எங்கெங்கோ ஓடும். பாதி நேரம் உங்களுக்கே வசதியான இடத்தில் வந்து நிற்கும். தேர்ந்தவர் வேண்டுமென்றே தவறவிடும்போது, பந்து குழியின் வாயிலேயே நின்று உங்கள் வழியை அடைத்துக்கொள்ளும். வெள்ளைப் பந்தோ வேறொரு பந்தின் முதுகுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொள்ளும். "அடடா, மயிரிழையில போச்சே!" என்று அவர் தலையில் அடித்துக்கொள்வார், உங்களுக்கோ அடிக்க நேர்வழி ஒன்றும் இருக்காது. ஒருமுறை நடந்தால் தற்செயல். ஒரே ஆட்டத்தில் மூன்று, நான்கு தடவை நடந்தால் அது கைவேலை.

அடுத்தது உடம்பு. தவறவிடுவது போல நடிக்கலாம். பல வருடம் ஊறிய பழக்கத்தை மறைப்பது கடினம். மேசையில் ஊன்றிய இடது கை அசைகிறதா? அடித்த பிறகு தலை சட்டென்று நிமிர்கிறதா? புதியவருக்கு நிமிரும், பந்து விழுந்ததா என்று பார்க்கும் அவசரம் அது. பழகியவர் குனிந்த நிலையிலேயே கொஞ்சம் நிற்பார். குச்சி நுனிக்குச் சாக் தடவுவதைக் கவனியுங்கள்: புதியவர் கட்டியை வைத்துத் திருகுவார், பழகியவர் மேசையைப் பார்த்தபடியே லேசாகத் தீற்றிக்கொள்வார்.

பணத்தின் போக்கும் பேசும். சின்னப் பந்தயத்தில் தோற்கிறார், தொகை ஏறியதும் ஜெயிக்கிறார், அதுவும் ஒரே ஒரு பந்து வித்தியாசத்தில். உங்களுக்கோ "இன்னும் ஒரு ஆட்டம், விட்டதைப் பிடிச்சிடலாம்" என்று தோன்றும். அந்த எண்ணம் வரவேண்டும் என்பதற்காகத்தான் அந்த ஒரு பந்து வித்தியாசம்.

அவரோடு கூட வந்த நண்பரை மறந்துவிடாதீர்கள். 1961இல் வந்த 'தி ஹஸ்லர்' படத்தின் தொடக்கக் காட்சியை இதற்காகவே பார்க்கலாம். விற்பனைப் பிரதிநிதி என்று சொல்லிக்கொள்ளும் நாயகன் பால் நியூமன், குடித்துத் தள்ளாடுவது போல நடித்தபடி ஒரு கடினமான அடியைப் போட்டுவிடுகிறார். திரும்பவும் போடுகிறேன் என்று பந்தயம் கட்டித் தோற்கிறார். மறுபடி கேட்கும்போது கூட்டாளி, குடிகாரனோடு பந்தயம் கட்டமாட்டேன் என்று கோபித்துக்கொண்டு வெளியேறுகிறார். அந்த இடைவெளியில் பாரின் ஆளே பணத்தை எடுத்து நீட்டுகிறார். பந்து விழுகிறது. கூட்டாளியின் அந்தக் கோபம்தான் தூண்டில். உங்களுக்காகப் பரிந்து பேசும் மூன்றாம் ஆள் அவரோடு வந்தவர் என்றால், பணப்பையை மூடிவிடுங்கள்.

சந்தேகம் தீர ஒரு வழி உண்டு. "நான் உங்களைவிடச் சுமாராகத்தான் ஆடுறேன், ரெண்டு பந்து விட்டுக்கொடுங்க" என்று கேளுங்கள். சமமான ஆட்டக்காரர் சிரித்துக்கொண்டே மறுப்பார், அல்லது ஒன்று தருவார். தொழில்காரர் பேரத்தில் இறங்கிவிடுவார். தொகையை ஏற்றினால் தருகிறேன் என்பார். பந்தயத்தில் அவர் சம்பாதிப்பது பெரும்பாலும் இந்தப் பேரத்திலேயே முடிவாகிவிடுகிறது.

ஏமாந்தது உறுதியானாலும் அங்கே நின்று குற்றம் சாட்டாதீர்கள். தோற்ற தொகையைக் கொடுத்துவிட்டு, "காலையில மீட்டிங் இருக்கு" என்று கிளம்புங்கள். விசாவில் இருப்பவருக்கு இது கௌரவப் பிரச்சினை மட்டுமல்ல. விசா விண்ணப்பப் படிவத்தில், எப்போதாவது கைது செய்யப்பட்டதுண்டா என்று கேள்வியே இருக்கிறது. இருபது டாலருக்கு நடந்த பார் சண்டைக்கு அங்கே விளக்கம் எழுதும் நிலை வேண்டாம். மேலாளரோடும் சக ஊழியரோடும் ஆடினால் காசே வைக்காதீர்கள். தோற்றவர் மேசைக் கட்டணம் கொடுப்பது என்ற அளவோடு நிற்கட்டும்.

அறிமுகமில்லாதவரிடமும் இதையே முதலில் சொல்லிப் பாருங்கள்: "பணம் வேண்டாம், மேசைக் கட்டணம் நான் தர்றேன், ஆடலாமா?" ஆட்டத்தை நேசிப்பவர் குச்சியை எடுத்துக்கொண்டு வந்துவிடுவார், கேட்டால் இரண்டு நுணுக்கமும் சொல்லித்தருவார். மற்றவர் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு அடுத்த மேசைக்கு நகர்வார்.